கருக்குழாயை ஒட்டிவிட்டார்கள்: நிஜ அளவு இனப்பெருக்க மண்டல மாதிரி, ஆறு மாதம் பயன்படுத்திய பிறகு

ஆறு மாதமாக இந்த மாதிரி எங்கள் வீட்டு மேஜை மேல்தான் இருக்கிறது. பெண் இடுப்பு முழுதாக ஒன்று, ஆண் இடுப்பு நடுவில் பிளந்த பாதியாக ஒன்று, இரண்டும் நிஜ அளவு. உறுப்புகள் காந்தத்தில் ஒட்டியிருக்கும், கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கூடவே ஒரு சின்னக் கையேடு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, உயிரியல் சொல்லித்தருகிறவர்களுக்கு, தன் உடம்பில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைக்கிற யாருக்கும் இது உதவும். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் ஒரு பிளேடு எடுத்து, கருக்குழாயின் நுனியைச் சினைப்பையோடு பிடித்து வைத்திருக்கும் பசையை அறுத்துவிடுங்கள். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

இதை வாங்கியதற்குக் காரணம் என் மகள். 11 வயது. பாடப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, சினைப்பைக்கும் குழாய்க்கும் நடுவுல இடைவெளி இருக்கே, முட்டை கீழே விழுந்துடாதா?" என்று கேட்டாள். அந்த வயதில் எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், எங்கள் ஆசிரியை அந்தப் பாடத்தை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தாண்டிப் போனவர். மகளுக்குப் படம் வரைந்து காட்டினேன், அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. தட்டையான படத்தில் எது முன்னால், எது பின்னால் என்றே தெரியாது. அப்படித்தான் தேடிப்பிடித்து இதை வாங்கினோம். பெட்டியைப் பிரித்ததும் அவள் முதலில் தேடியது அந்த இடைவெளியைத்தான். அது இல்லை. விரல் விரலாகப் பிரிந்திருக்கும் குழாயின் நுனியைச் சினைப்பை மேல் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். "அப்போ புத்தகம்தான் தப்பா?" என்றாள்.

புத்தகம் சரி, மாதிரிதான் தப்பு. கருக்குழாயின் வாய் வயிற்றுக்குள் திறந்தே இருக்கிறது. சினைப்பையிலிருந்து முட்டை வெளிவரும் நேரத்தில் அந்த விரல் போன்ற நுனிகள் இரத்தம் ஏறிப் புடைத்து, சினைப்பையின் மேற்பரப்பைத் துழாவுகின்றன. அவற்றின் உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள், எல்லாம் கருப்பையின் திசையில் அடித்துக்கொண்டே இருக்கும். முட்டை தனியாக வருவதில்லை, தன்னைச் சுற்றி ஒட்டும் தன்மையுள்ள செல்களின் மூட்டையோடு வருகிறது. அந்த மூட்டைதான் மயிர்களில் பிடிபட்டு உள்ளே இழுக்கப்படுகிறது. ஆக, முட்டை வழி கண்டுபிடிப்பதில்லை, குழாய்தான் முட்டையைத் தேடி வருகிறது. இந்த வேலை நடக்க வேண்டுமென்றால் குழாய் அசைய வேண்டும். ஒட்டிவிட்டால் எப்படி அசையும்?

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், என் சொந்தக் கதை இதில் இருக்கிறது. மகன் பிறந்து சில வருடங்கள் கழித்து நான் இரண்டாவது முறை கருவுற்றேன். ஏழாவது வாரம் கடுமையான வலி. கரு கருப்பைக்கு வராமல் வலப்பக்கக் குழாயிலேயே தங்கிவிட்டது. இடம் மாறித் தங்கும் கருக்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குழாயில்தான் தங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அறுவை சிகிச்சையில் அதை எடுத்துவிட்டார்கள். சினைப்பையை விட்டுவைத்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் மனதுக்குள் கணக்குப் போடுவேன், இந்த மாதம் முட்டை இடப்பக்கமா வலப்பக்கமா, வலப்பக்கம் என்றால் இந்த மாதம் வீண் என்று. இரண்டு வருடம் கழித்து மகள் வயிற்றில் வந்தாள். முதல் ஸ்கேனில் கரு கருப்பைக்குள் சரியான இடத்தில் இருந்தது. மருத்துவர் திரையில் இன்னொரு இடத்தைக் காட்டினார். முட்டை வெளிவந்த பிறகு சினைப்பையில் மிஞ்சும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திட்டு, அது இருந்தது வலப்பக்கம். எனக்குக் குழாயே இல்லாத பக்கம். "இடது குழாய் வந்து எடுத்திருக்கிறது, அப்படியும் நடக்கும்" என்றார். இரண்டு சினைப்பைகளும் கருப்பைக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று நாம் நினைப்பதைவிட நெருக்கமாக இருப்பதால் அது முடிகிறது. என்னைப் போல எத்தனை பெண்கள் ஒரு குழாயோடு மாதா மாதம் அந்தத் தவறான கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்! ஒட்டிய குழாயைப் பார்த்து வளரும் பிள்ளை அதே கணக்கைத்தான் போடும்.

பசையை அறுத்த பிறகு மாதிரி வேறு பொருளாகிவிட்டது, உண்மையாகவே. குழாய் மென்மையான ரப்பரில் செய்திருக்கிறது, நன்றாக வளையும். உள்ளே ஒரு மெல்லிய கம்பி செருகினேன், இப்போது வளைத்த இடத்தில் நிற்கிறது. மகள் இடது குழாயை மெதுவாகப் பின்பக்கமாக வளைத்து வலது சினைப்பை மேல் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "நான் இப்படித்தான் வந்தேனா?" என்றாள். ஆமாம் என்றேன்.

சரி, இனி மற்ற பாகங்கள்.

கருப்பை நன்றாக வந்திருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், நீளம் 7.5 செ.மீ., அகலம் 5 செ.மீ. பிரசவம் ஆகாத பெண்ணின் கருப்பை கிட்டத்தட்ட இவ்வளவுதான், ஒரு சின்ன மூடிய கை அளவு. பார்த்தவர்கள் எல்லாரும் "இவ்வளவு சின்னதா?" என்றுதான் கேட்டார்கள். இதே உறுப்புதான் நிறைமாதத்தில் ஒரு கிலோ எடைக்கு வளர்ந்து, சுமார் 10 மி.லி. கொள்ளும் இடத்திலிருந்து 5 லிட்டர் வரை கொள்ளும் அளவுக்கு விரிகிறது, பிறகு ஆறு வாரத்தில் ஏறக்குறையப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. முன்பக்கம் சாய்ந்து சிறுநீர்ப்பை மேல் படுத்த மாதிரி வைத்திருப்பதும் சரி. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதுவும் இயல்புதான், தனியாக அது ஒரு நோய் இல்லை. இதைக் கையேட்டில் ஒரு வரி சேர்த்திருக்கலாம், ஸ்கேன் அறிக்கையில் அந்த வார்த்தையைப் பார்த்துப் பயந்து போகிறவர்கள் நிறையப் பேர்.

கருப்பையைத் திறந்தால் உள்ளே ஒரு விரல் நுழையும் அளவுக்குக் காலி இடம். இது தவறு. நிஜத்தில் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே இருக்கும், காற்று போன சின்னப் பை மாதிரி. கருப்பை வாய்க்குக் கீழே யோனியும் அப்படித்தான், சுவர்கள் ஒட்டியிருக்கும், தேவைப்படும்போது விரியும். மாதிரியில் அதையும் உருண்டைக் குழாயாகவே செய்திருக்கிறார்கள். வெட்டிக் காட்டும் பொருளில் இதைத் தவிர்ப்பது கடினம் என்று புரிகிறது, அதனால் பெரிய குறையாகச் சொல்லவில்லை, ஆனால் காட்டும்போது வாயால் சொல்லிவிடுங்கள்.

பெரிய குறை உட்சுவரின் நிறம். எல்லா இடமும் ஒரே சிவப்பு. மாதவிடாய் என்றால் என்ன என்று சொல்ல வாங்குகிற பொருளில், மாதம் முழுக்க மாறிக்கொண்டே இருக்கிற அந்த ஒரு படலத்தை மாறாத பெயின்ட்டாகப் பூசிவிட்டார்கள். நாங்கள் சிவப்புத் துணியில் இரண்டு அடுக்கு வெட்டி உள்ளே வைத்தோம். அடியில் உள்ள மெல்லிய அடுக்கைச் சுவரோடு ஒட்டிவிட்டோம், அது எப்போதும் போகாது, அதிலிருந்துதான் அடுத்த மாதம் புதிதாக வளரும். மேல் அடுக்கு தனி. முட்டை வெளிவரும் முன் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதைத் தடிமனாக்கும். வெளிவந்த பிறகு அந்த மஞ்சள் திட்டு சுரக்கும் புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோன் அதைக் கரு வந்து தங்குவதற்குத் தயார் செய்யும். கரு வரவில்லையென்றால் மஞ்சள் திட்டு சுமார் இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும், புரோஜெஸ்டிரான் இறங்கும், மேல் அடுக்குக்கு வரும் சுருள் இரத்தக்குழாய்கள் இறுகும், அந்த அடுக்கு பிரிந்து வெளியே வரும். மகள் மேல் துணியை இழுத்து எடுத்துவிட்டு, "அடியில இருக்குறது அப்படியே இருக்கு" என்று தொட்டுப் பார்த்தாள். உடம்பிலிருந்து ஏதோ கெட்டது வெளியேறுகிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவர்களுக்கு அந்த இரண்டு துணியைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

கையேடு இங்கே நிறைய சறுக்குகிறது. சுழற்சி 28 நாள், முட்டை 14-ம் நாள் என்று ஆணியடித்த மாதிரி போட்டிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு 24 முதல் 38 நாள் வரை எல்லாமே இயல்பு, வயதுக்கு வந்த முதல் சில வருடங்களில் இன்னும் ஏறி இறங்கும். முட்டை வெளிவருவதை முந்தைய மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணுவதைவிட, அடுத்த மாதவிடாயிலிருந்து ஏறக்குறைய 14 நாள் பின்னோக்கி எண்ணுவதுதான் உடம்பின் கணக்குக்கு நெருக்கமானது. ஏனென்றால் மஞ்சள் திட்டின் ஆயுள் அதிகம் மாறாது, அதற்கு முந்தைய பாதிதான் நீளும், குறையும். 35 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண் கையேட்டைப் பார்த்து 14-ம் நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போய்விடும். இரத்தத்தின் அளவு பற்றி ஒரு வார்த்தை இல்லை. சராசரியாக ஒரு மாதவிடாயில் போவது 30 முதல் 40 மி.லி. இரத்தம், 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகப்படி, மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் கையில் போகும் கையேட்டில் இது இல்லாமல் இருக்கலாமா?

சினைப்பைக்கு வருவோம். 3 செ.மீ. நீளம், அளவு சரி. வெட்டிய பக்கத்தில் முட்டை வளரும் கட்டங்களை எல்லாம் ஒரே வட்டத்தில், கடிகார முள் சுற்றுவது போல வரிசையாக வரைந்திருக்கிறார்கள். சின்னப் புள்ளி, கொஞ்சம் பெரிய புள்ளி, நீர் நிறைந்த பை, வெடிப்பு, மஞ்சள் திட்டு. முட்டை சினைப்பைக்குள் வட்டமாக ஊர்ந்து போகிறது என்று என் மகன் நினைத்துக்கொண்டான். 15 வயது, படிப்பில் கெட்டிக்காரன், அவனுக்கே அப்படித் தோன்றியது. உண்மையில் ஒவ்வொரு பையும் தான் இருக்கும் இடத்திலேயே வளர்ந்து, அங்கேயே வெடித்து, அங்கேயே மஞ்சள் திட்டாகிறது. அளவும் ஏமாற்றுகிறது. மாதிரியில் முதிர்ந்த பை 5 மி.மீ. கூட இல்லை. நிஜத்தில் அது 2 செ.மீ. அளவுக்கு வரும், 3 செ.மீ. சினைப்பையில் 2 செ.மீ. பை என்றால் யோசித்துப் பாருங்கள், ஒரு பக்கமே புடைத்து நிற்கும். சில பெண்களுக்கு அந்த நாளில் ஒரு பக்கம் சுருக்கென்று வலிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னால் புரியும்.

முட்டைகளின் எண்ணிக்கையைக் கையேடு சரியாகச் சொல்கிறது, அதற்குப் பாராட்டு. தாயின் வயிற்றில் இருக்கும் பெண் சிசுவுக்கு ஐந்தாம் மாதத்தில் 60 முதல் 70 லட்சம் வரை. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3 முதல் 4 லட்சம். வாழ்நாளில் வெளிவருவது 400 முதல் 500. மற்றதெல்லாம் உள்ளேயே கரைந்து போகிறது. இந்தக் கணக்கைப் படித்த மகள், பின்னாளில் அவளாக வளர்ந்த முட்டை, நான் என் அம்மா வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிட்டது என்பதைத் தானே கண்டுபிடித்து, பாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது, கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் வரலாறு இருக்கிறது. இத்தாலிய உடற்கூறு அறிஞர் கப்ரியேலே ஃபலோப்பியோ 1561-ல் வெளியான தன் நூலில் இந்தக் குழாயை விவரித்தார், வாய் அகன்ற எக்காளம் போலிருக்கிறது என்றார். அதனால்தான் இன்றும் ஃபலோப்பியன் குழாய் என்கிறோம். ஆனால் அதன் வழியே என்ன போகிறது என்பது அவருக்குத் தெரியாது. 1677-ல் லேவன்ஹூக் நுண்ணோக்கியில் விந்தணுவைப் பார்த்துவிட்டார். பாலூட்டிகளின் முட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபொன் பேயர் கண்டது 1827-ல்தான். இத்தனைக்கும் மனித முட்டை 0.1 மி.மீ., உடம்பின் மிகப் பெரிய செல்களில் ஒன்று, வெறும் கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரியக்கூடியது. குழாய்க்கும் முட்டைக்கும் நடுவே 266 வருடம்.

பெண் மாதிரியில் இன்னும் இரண்டு குறைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று கிளிட்டோரிஸ், யோனித் திறப்புக்கு மேலே இருக்கும் பெண்ணின் உணர்ச்சி உறுப்பு. வெளியே தெரியும் சின்ன மொட்டை மட்டும் வைத்துவிட்டு முடித்துக்கொண்டார்கள். அது உறுப்பின் நுனி மட்டுமே. உள்ளே தண்டு, இடுப்பெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் இறங்கும் கால்கள், யோனித் திறப்பின் இருபுறமும் பஞ்சு போன்ற இரண்டு குமிழ்கள் என்று பெரிய அமைப்பு இருக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998-லேயே இதை விரிவாக எழுதிவிட்டார். ஆண் மாதிரியில் ஆணுறுப்பின் மூன்று பஞ்சுத் தண்டுகளையும் தனித்தனி நிறத்தில் அவ்வளவு அழகாகக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, சிசு வளர்ச்சியில் அதே திசுவிலிருந்து உருவாகும் பெண் உறுப்பை முழுதாகக் காட்ட மனம் வரவில்லை. இது எனக்குக் கோபமாகவே இருக்கிறது. ஏழாவது வாரம் வரை எந்தச் சிசுவைப் பார்த்தும் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, ஒரே அடித்தளம் இரண்டு விதமாக வளர்கிறது. இரண்டு மாதிரிகளையும் பக்கத்தில் வைத்து இதைக் காட்டியிருந்தால் இந்தத் தொகுப்புக்கே தனி மதிப்பு வந்திருக்கும்.

இரண்டாவது கன்னித்திரை. திறப்பை மூடிய ஒரு தகடு போலச் செய்து நடுவில் ஒரு ஓட்டை போட்டிருக்கிறார்கள். அது மூடி இல்லை. பெரும்பாலும் திறப்பின் ஓரத்தைச் சுற்றி இருக்கும் ஒரு மெல்லிய மடிப்பு, ஆளுக்கு ஆள் வடிவம் வேறு. அதைப் பார்த்து ஒரு பெண் உறவு கொண்டிருக்கிறாளா இல்லையா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனமும் மற்ற இரண்டு ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து 2018-ல் அப்படிப்பட்ட சோதனைகளை நிறுத்தச் சொல்லி அறிக்கையே விட்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையையே பாழாக்கக்கூடிய நம்பிக்கை இது, அதற்கு உருவம் கொடுத்து விற்கக் கூடாது. நான் அந்தத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

ஆண் மாதிரி ஒப்பிட்டால் தேவலை. விந்து நாளத்தின் பாதையை இவ்வளவு தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை. விதைப்பையிலிருந்து மேலே ஏறி, அடிவயிற்றுச் சுவர் வழியாக உள்ளே போய், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயின் மேல் வளைந்து, சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இறங்கி, விந்துப்பையின் குழாயோடு சேர்ந்து, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பிக்குள் நுழைந்து சிறுநீர் வழியில் சேர்கிறது. இவ்வளவு சுற்று ஏன் என்றால், விதைகள் சிசுப்பருவத்தில் வயிற்றுக்குள் உருவாகி, பிறகுதான் கீழே இறங்குகின்றன, நாளம் அதே வழியில் இழுபட்டு வருகிறது. வாசெக்டமி, அதாவது இந்த நாளத்தை வெட்டும் ஆண் கருத்தடை அறுவை பற்றிப் பேச இந்த மாதிரியைவிட நல்ல பொருள் இல்லை. எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்று விரலால் தொட்டுக் காட்டலாம். வெட்டிய இடத்துக்கு மேலேதான் விந்துப்பையும் புரோஸ்டேட்டும் இருக்கின்றன, விந்துத் திரவத்தின் பெரும்பகுதி அவற்றிலிருந்துதான் வருகிறது, அதனால் அளவில் பெரிதாக வித்தியாசமே தெரியாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரான் இந்த நாளத்தில் போவதில்லை, இரத்தத்தில் போகிறது, அதனால் அதுவும் குறையாது. குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்தான் என்று எண்ணிக்கொண்டிருந்த என் உறவினர் ஒருவர் இந்த மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் கேள்வி கேட்டார்.

விதைக்கு மேல் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் வெறும் ஒரு மேடாக இருக்கிறது. அது ஒரே குழாய், சுருண்டு சுருண்டு அந்த இடத்தில் அடங்கியிருக்கிறது, நீட்டினால் சுமார் 6 மீட்டர். மகன் 6 மீட்டர் தையல் நூலை அளந்து வெட்டி, அந்த மேட்டின் அளவுக்குச் சுருட்டிப் பார்த்தான், ஒரு மாலை முழுக்க ஆனது. விந்தணுக்கள் விதையிலிருந்து வரும்போது நீந்தத் தெரியாதவை, அந்தக் குழாயைக் கடக்கும் ஒன்று இரண்டு வாரத்தில்தான் அந்தத் திறமை வருகிறது. விதைக்குள் ஒரு விந்தணு உருவாவதற்கு மட்டும் 64 முதல் 74 நாள். கடும் காய்ச்சல் வந்தால் அதன் பாதிப்பு இரண்டு மூன்று மாதம் கழித்தும் பரிசோதனையில் தெரிவது இந்தக் கணக்கினால்தான். வெப்பம் பற்றி மாதிரி எதுவும் சொல்லவில்லை. விதைகள் உடம்பைவிட 2 முதல் 3 டிகிரி குறைவான வெப்பத்தில் இருக்க வேண்டும், அதற்காகத்தான் வெளியே பையில் தொங்குகின்றன. மேலிருந்து இறங்கி வரும் தமனியைச் சுற்றிச் சிரைகள் கொடி போலப் பின்னிக்கொண்டு அதன் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. அந்தப் பின்னலைக் காட்டவே இல்லை. அது வீங்குவதுதான் வெரிக்கோசீல், குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்குப் போகிற ஆண்களிடம் அடிக்கடி காணப்படுவது.

கையேட்டில் என்னைக் கடுப்பேற்றிய கடைசிப் பகுதி, கருவுறுதலை ஓட்டப்பந்தயமாக எழுதியிருக்கும் இரண்டு பக்கம். வேகமாக நீந்துகிறவன் வெற்றி பெறுகிறான், முட்டை பரிசு மாதிரி காத்திருக்கிறதாம். அப்படி நடப்பதில்லை. கோடிக்கணக்கில் புறப்பட்டாலும் குழாயின் அகன்ற பகுதிக்குச் சில நூறுதான் வந்து சேர்கின்றன. வழி முழுக்கப் பெண்ணுடல் வேலை செய்கிறது. கருப்பை வாயின் சளி மாதத்தின் பெரும்பாலான நாட்களில் கெட்டியாக வழியை அடைத்து நிற்கும், முட்டை வரும் சமயத்தில் மட்டும் நீர்த்து, நூல் போல இழுபட்டு வழி விடும். கருப்பைத் தசைகள் அசைந்து மேலே கொண்டு செல்கின்றன. முதலில் வந்து சேரும் விந்தணுவால் முட்டைக்குள் நுழையவே முடியாது, பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட்ட பிறகுதான் முடியும். இதை 1951-ல் இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஒரு விந்தணு உள்ளே போனதும் முட்டை தன் உறையின் தன்மையை மாற்றி மற்றவற்றுக்குக் கதவைச் சாத்துகிறது. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கலாம், முட்டைக்கு ஒரு நாள்தான். அதனால் பல நேரம் காத்திருப்பது விந்தணுதான்.

மூளை இந்தத் தொகுப்பில் இல்லை, இடுப்பு மாதிரியில் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் கையேட்டில் ஒரு பக்கம் இருந்திருக்கலாம். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை துடிப்பு துடிப்பாக அனுப்பும் ஹார்மோன்தான் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியை எழுப்பி, அது சினைப்பையையோ விதையையோ எழுப்புகிறது. துடிப்பாக வந்தால்தான் வேலை, அதே ஹார்மோனை இடைவிடாமல் கொடுத்தால் எல்லாமே நின்றுவிடும். வயதுக்கு மிக முன்னதாகவே பூப்பெய்தும் குழந்தைகளுக்கு அதைத் தள்ளிப்போடத் தரும் மருந்து இந்த உண்மையை வைத்துத்தான் வேலை செய்கிறது.

பொருளின் தரம் பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்டிக் வாசம் முதல் வாரம் பலமாக இருந்தது, ஜன்னலோரம் வைத்ததில் போய்விட்டது. எலும்பின் விளிம்புகள் மழுங்கலாக இருக்கின்றன, பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். பெயின்ட் உரியவில்லை. கருப்பையின் முன்பாதியில் உள்ள காந்தம் மூன்றாவது மாதம் கழன்றது. பாகங்களில் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன, தமிழில் பெயர்ச்சீட்டு நாங்களே எழுதி ஒட்டினோம். அதில் ஒரு சின்னக் குழப்பம், மகள் புத்தகத்தில் அண்டகம், மருத்துவமனையில் சினைப்பை, பழைய நூல்களில் சூலகம். மூன்றையும் ஒரே சீட்டில் எழுதிவிட்டோம்.

விற்றவர்களுக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன், பசை, கிளிட்டோரிஸ், கன்னித்திரை மூன்றையும் படத்தோடு. காந்தத்துக்குப் பதிலாகப் புதியது அனுப்பினார்கள், அதற்கு நன்றி. மற்றதைப் பற்றி வந்த பதில், குழாய் தொங்கிக்கொண்டிருந்தால் உடைந்த பொருள் என்று நினைத்து வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள், அதனால்தான் ஒட்டுகிறோம் என்று. பெட்டிக்குள் ஒரு சீட்டு வையுங்கள், "குழாய் இப்படித்தான் இருக்கும்" என்று அச்சடித்து, என்று மறுபடி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அதுவரை ஐந்துக்கு மூன்றரை, பிளேடு கைவசம் இருப்பவர்களுக்கு நான்கு.